கூரையில் நின்ற பொடியள்

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்த எவரிடமாவது, "பொடியள் வந்திட்டுப் போட்டினம்" என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து பொறுக்க வந்தார்கள் என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள். துவக்கோடு வந்தவர்கள் என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். சின்னப் பையன்களைச் சொல்லும் சாதாரணச் சொல்லைத் தூக்கி ஆயுதமேந்திய இயக்கங்களுக்குக் கொடுத்துவிட்டோம். ஆங்கிலம் பேசினாலும் எங்களுக்கு அவர்கள் 'பாய்ஸ்'தான். நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், தட்டெழுத்துக்காரியாக இருந்த காலத்தில், பெரியவர்கள் கதவைச் சாத்திவிட்டு ஆங்கிலத்தில் பேசும்போது அந்த ஒரு சொல் மட்டும் வெளியே கேட்கும். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

அந்தச் சொல்லை நான் பாரிசுக்கும் கொண்டுவந்தேன். அதனால் ஒரு பிள்ளையின் கண் போனது. இதை இவ்வளவு காலமும் நான் எழுதவில்லை. எழுதாமல் இருந்ததற்கும் சேர்த்துத்தான் இப்போது வெட்கப்படுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. நான் அக்கா வீட்டில், பாரிசின் புறநகரான கார்ஜ் லே கொனெஸ்ஸில் இருந்தேன். காலையில் ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிப்பேன். பின்னேரங்களில் ரூ பஜோலில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறுவேன். அங்கே இரண்டு அறைகளில் ஒரு குழு இயங்கியது. ஐந்தாறு நாட்டு வழக்கறிஞர்கள், வைத்தியர்கள், ஒரு பாதிரியார். இஸ்ரேலியர்களுக்கும் பாலஸ்தீனியர்களுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று நேரில் போய்க் கேட்டு, இரண்டு பக்கத்துச் சாட்சியங்களையும் பதிந்து, உலகத்தின் முன் வைத்தால் சண்டையை நிறுத்த ஒரு வழி பிறக்கும் என்று நம்பியவர்கள். குழுவில் ஒரு வயதான இஸ்ரேலிய வைத்தியரும் இருந்தார், ஒரு பாலஸ்தீன ஆசிரியரும் இருந்தார். இரண்டு பேரும் ஒரே சிகரெட் பெட்டியைப் பங்குபோட்டுக்கொள்வார்கள்.

'உண்மை அறியும் குழு' என்று நான் அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். அக்கா சிரித்தாள்.

"உண்மை தெரியாமலோடி உவை சண்டை பிடிக்கினம்?"

"அப்பிடியில்லை அக்கா. ஆர் ஆருக்கு என்ன செய்தவை எண்டு எழுதி வைக்கினம்."

"எங்கடை ஊருக்கும்தான் வந்தவை. கொப்பியிலை எழுதினவை, தேத்தண்ணி குடிச்சவை, போட்டினம். சரி, உனக்கு ஒரு வேலை கிடைச்சதுதானே. போ."

வேலை இதுதான். குழு கொண்டுவந்த கசெட்டுகளை நான் கேட்டு, ஆங்கிலத்தில் தட்டெழுத வேண்டும். சாட்சி அரபியிலோ ஹீப்ருவிலோ பேசுவார், மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்திலேயே ஆங்கிலத்தில் சொல்வார். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, கால் மிதியை மிதித்து மிதித்து நிறுத்தித் தட்டுவேன். முதல் வாரம் என் மானம் போயிற்று. பிரெஞ்சுத் தட்டெழுத்துப் பொறியில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். ஆங்கில 'ஏ' இருக்கவேண்டிய இடத்தில் 'க்யூ' குந்திக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு அறுபது சொல் தட்டுவேன் என்று பீத்திக்கொண்டு போனவள், ஒரு பக்கத்தை நான்கு தடவை கிழித்துப் போட்டேன். பிறகு கை பழகியது. கை பழகியபின் தலை தேவையில்லை. எந்தத் தட்டெழுத்துக்காரியைக் கேட்டாலும் சொல்வாள், காதில் விழுவது விரலால் போய்விடும், நடுவில் எதுவும் தங்காது.

ஒவ்வொரு கசெட்டுக்கும் ஒரு ஃபிஷ் எழுதவேண்டும். ஃபிஷ் என்றால் பிரெஞ்சில் சிறிய அட்டை. யார், எங்கே, என்ன நடந்தது, ஐந்து வரிக்குள். அந்த அட்டையைக் கவ்வியால் தட்டெழுத்துப் பக்கங்களின் மேல் மாட்டிவிடுவேன். "நாளைக்குப் பத்து ஃபிஷ் எழுதோணும்" என்று நான் சொல்ல, அக்கா முதல்நாள், "மீன் கந்தோரோடி அது?" என்று கேட்டாள். அலுவலகத்தை நாங்கள் கந்தோர் என்போம்.

அலுவலகத்தை நடத்தியவர் ஒரு பிரெஞ்சுப் பெண் வழக்கறிஞர். ஐம்பது வயதிருக்கும். நான் அவரைப் பிரெஞ்சு முறைப்படி 'மடம்' என்று கூப்பிடுவேன். முதல்நாளே ஒன்று சொன்னார்: "கேட்டதை எழுது. உனக்கு விளங்கியதை எழுதாதே." நான் தலையாட்டினேன். இதென்ன பெரிய விசயம், கச்சேரியில் எட்டு வருடம் இதைத்தானே செய்தேன் என்று உள்ளுக்குள் நினைத்தேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தக் கசெட்டுகளைக் கேட்கக் கேட்க எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஊரடங்கு, சுற்றிவளைப்பு, அடையாள அட்டை, கதவில் உதை. இந்தப் பக்கம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வழிபார்த்து நிற்கும் தாய், அந்தப் பக்கமும் பேருந்துக்கு வழிபார்த்து நிற்கும் தாய். எல்லாம் எனக்குத் தெரிந்த கதை. வெள்ளைக்காரருக்கு என்ன தெரியும், இதெல்லாம் பட்டவளுக்குத்தான் விளங்கும் என்று இருந்தேன். மடம் ஏதாவது ஒரு இடம் புரியவில்லை என்று கேட்டால், கேட்டதற்கு மேலே நாலு வசனம் சேர்த்துச் சொல்வேன். அவரும் ஆர்வமாகக் கேட்பார். அது இன்னும் கெடுத்தது.

முப்பத்தொன்றாம் கசெட் அப்படி ஒரு பின்னேரம் வந்தது. பேசியது ஒரு பெண். கரகரத்த குரல், அவசரமில்லாத குரல். மொழிபெயர்த்தவன் எங்கள் அலுவலகத்துக்கே வந்துபோகும் ஒரு பாலஸ்தீன மாணவன், நல்ல ஆங்கிலம். அவன் குரலில் நான் கேட்டது இவ்வளவுதான்: பாய்ஸ் கூரையில் நின்றார்கள். தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தேநீர் ஆறுகிறது, இறங்கி வாருங்கள் என்று நான் கீழேயிருந்து கூப்பிட்டேன். பொறுங்கள் அம்மா, முடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள். அப்போது தெருவில் சத்தம் கேட்டது. எங்கிருந்தோ ஏதோ வந்து ஒருவனின் கண்ணில் பட்டது.

யார் சுட்டது என்று குழுவினர் கேட்டார்கள். "நான் கீழே நின்றேன். பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லமாட்டேன்" என்றார். திருப்பிக் கேட்டார்கள், வேறு விதமாகவும் கேட்டார்கள். அந்தப் பெண் அதையே சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அட, கெட்டிக்காரி, பொடியளைக் காட்டிக்கொடாமல் எப்படிக் கதைக்கிறா பார் என்று நினைத்தேன். கூரையில் பொடியள். அவர்களுக்கு ஒரு 'வேலை'. வீட்டுக்காரி தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறாள். பொடியள் எங்கள் ஊரில் வாசலுக்கு வந்தால் எந்தப் பெண்ணையும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார்கள், நானே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். இதற்கு மேல் என்ன கேட்க இருக்கிறது? கசெட்டின் முதல் பக்கம் முடிந்ததும் நான் மறுபக்கத்தைக் கேட்காமலே அட்டையை உருட்டிப் பொறியில் போட்டேன்.

சம்பவ நேரத்தில் வீட்டுக் கூரையில் ஆயுததாரிகள். வீட்டுப் பெண் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். ஆயுததாரி ஒருவருக்குக் கண்ணில் காயம். சுட்டவர் யாரென்று சாட்சி சொல்ல விரும்பவில்லை.

'பார்க்கவில்லை' என்றவளை 'சொல்ல விரும்பவில்லை' என்று எழுதினேன். அதையும் நான்தான் செய்தேன்.

மறுபக்கத்தை அடுத்தநாள் தட்டினேன். அன்று காலை என் தற்காலிக விசாத் தாளைப் புதுப்பிக்க பொலிஸ் கந்தோர் வரிசையில் நின்றுவிட்டு, காலும் இடுப்பும் விட்டுப்போய் வந்திருந்தேன். காதில் விழுந்தது, விரலால் போனது. பக்கங்களை அடுக்கி, முதல்நாள் எழுதி வைத்த ஃபிஷை மேலே மாட்டி, இரும்புப் பெட்டிக்குள் வைத்தேன்.

அந்த ஃபிஷ்களை வைத்து ஒரு பட்டியல் செய்யப்போகிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டு வைத்தியர்கள், குழுவிலிருந்த இஸ்ரேலியக் கிழவரும் அவருடைய பாலஸ்தீன வைத்திய நண்பர் ஒருவரும், ஐரோப்பாவில் சில மருத்துவமனைகளைக் கேட்டுச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். சண்டையில் எந்தப் பங்கும் இல்லாமல் காயப்பட்ட சிறுபிள்ளைகளை, இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்த்து, ஒரே விமானத்தில் கொண்டுவந்து வைத்தியம் பார்ப்பது. அறிக்கை எழுதி என்ன கிழிக்கப்போகிறோமோ தெரியாது, இதையாவது செய்வோம் என்று அந்தக் கிழவர் சொல்வாராம். மடம் ஃபிஷ்களைப் புரட்டிப் பெயர்களைப் பொறுக்கினார். ஆயுததாரி என்று எழுதிய அட்டையை யார் நின்று பார்க்கப்போகிறார்கள்?

தை மாதக் குளிரில் முதல் தொகுதிப் பிள்ளைகள் வந்தார்கள். பேருந்தில் தீப்பட்ட ஒரு இஸ்ரேலியச் சிறுமியும், கால் நொறுங்கிய ஒரு பாலஸ்தீனப் பையனும் அலுவலக வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து நான் கொண்டுபோன சீனி அரியதரத்தைத் தின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் அக்காவிடம், "பாத்தீங்களே, எழுதிறதாலையும் பிரியோசனம் இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அதை நினைக்கும்போது இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பங்குனியில் அரபியில் ஒரு கடிதம் வந்தது. மடம் அன்று இல்லை. மாணவன்தான் பிரித்து வாசித்தான், வாசித்து எனக்கு ஆங்கிலத்தில் சொன்னான்.

"எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். என் தேநீரைக் குடித்தீர்கள். நான் சொன்னதெல்லாம் பதிந்தீர்கள். பக்கத்துத் தெருப் பிள்ளையைக் கூப்பிட்டீர்கள். என் பிள்ளையை ஏன் கூப்பிடவில்லை? நான் ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டேனா?"

"கசெட் முப்பத்தொன்று என்று நினைக்கிறேன், அந்த ஃபிஷை எடுத்து மடத்தின் மேசையில் வைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அவன் வகுப்புக்குப் போய்விட்டான்.

எடுத்தேன். ஃபிஷைப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை. அதற்குக் கீழேயிருந்த பக்கங்களை, நானே தட்டிய பக்கங்களை, அன்றுதான் முதல்முறையாக வாசித்தேன். கசெட்டின் மறுபக்கம் ஒரு கேள்வியோடு தொடங்கியது. என்ன வேலை என்று குழுவில் ஒருவர் கேட்க, அந்தப் பெண் சொல்லியிருக்கிறார்:

தொலைக்காட்சி அன்ரெனாவைத் திருப்ப ஏறினார்கள். படம் வருகிறதா என்று நான் கீழே நின்று பார்த்துச் சொல்லவேண்டும். மூத்தவனுக்குப் பதினொன்று. இளையவனுக்கு ஒன்பது. கண்ணில் பட்டது இளையவனுக்கு. அவன் கையில் ஒரு துண்டு வயர்தான் இருந்தது. இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

எழுதியிருந்தேன். என் கையால், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், சுத்தமாகத் தட்டியிருந்தேன். ஐயோ, என் கை தட்டியதை என் கண் பார்க்கவில்லையே என்று அந்த அறையில் வாய்விட்டே சொன்னேன். மேம்பாலத்தில் மெத்ரோ போய்க்கொண்டிருந்தது, ஒருவருக்கும் கேட்டிராது.

அடுத்தநாள் மாணவனிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன், அந்தப் பெண் அரபியில் என்ன சொல்லைச் சொன்னார் என்று. "என் பிள்ளைகள் என்றார்" என்றான் அவன். "நான் பாய்ஸ் என்றேன். அன்றைக்கு ஏழாவது வீடு அது, களைத்துப் போயிருந்தேன். ஆங்கிலத்தில் அது சரிதானே?" துவக்கோடு நிற்கும் இளைஞர்களுக்கு உங்களிடம் வேறு சொல் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கிறதே, அது முற்றிலும் வேறு சொல்" என்றான். எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. ஆனால் அவனையோ சொல்லையோ குற்றம் சொல்லிப் பயனில்லை. மறுபக்கத்தைக் கேட்டுவிட்டு அட்டையை எழுத எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? அரை மணித்தியாலம்.

அதற்குள் நான் செய்யக்கூடாத இன்னொன்றையும் செய்திருந்தேன். கடிதம் வந்த அன்றே, அறையில் தனியாக இருந்தபோது, புது அட்டை ஒன்றை எடுத்துச் சரியாகத் தட்டினேன். இரண்டு சகோதரர்கள், பதினொன்று, ஒன்பது, அன்ரெனா, இளையவனின் கண். அதைப் பக்கங்களின் மேல் மாட்டி மடத்தின் மேசையில் வைத்தேன். பழைய அட்டையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய், கார் து நோர் ரயில் நிலைய மேடையில் குப்பைத்தொட்டிக்குள் கிழித்துப் போட்டேன்.

மடம் வந்து கடிதத்தையும் ஃபிஷையும் வாசித்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறது! நான்தான் பார்க்காமல் விட்டிருக்கிறேன்" என்றார். என்னைப் பார்த்து, "நீ எழுதியது சரி, பிழை என்னுடையது" என்றும் சொன்னார். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. நான் வாய் திறக்கவில்லை. என் அகதி விண்ணப்பத்துக்கு ஆதரவாக ஒரு கடிதம் எழுதித் தருவதாக மடம் சொல்லியிருந்தார், அது இன்னும் கைக்கு வரவில்லை. அதுதான் காரணம் என்று அக்காவிடம் சொன்னேன். அது மட்டுமில்லை. எல்லாம் விளங்கியவள் என்று என்னை அவர் நினைத்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா அடுப்படியில் நின்று முழுவதையும் கேட்டாள்.

"உனக்கு எல்லாம் தெரியுமெண்ட எண்ணம்" என்றாள். "அண்டைக்கும் அப்பிடித்தான், இண்டைக்கும் அப்பிடித்தான்."

"இப்ப நான் என்ன செய்யிறது?"

"நீயெல்லோ உண்மை அறியிற கந்தோரிலை வேலை செய்யிறாய். என்னைக் கேக்கிறாய்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப சொல்லாதை. உன்ர கடுதாசி கிடைக்கட்டும். பேந்து ஆறுதலாச் சொல்லு. எப்பிடியும் பிள்ளையைக் கூப்பிடப் போகினம்தானே" என்றாள்.

'பேந்து', அதாவது பிறகு, என்று அக்கா சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கடிதம் கிடைத்தது. விசா கிடைத்தது. பேந்து வரவில்லை. அறிக்கை நீல மட்டையோடு அச்சாகி, பல நாட்டு அலுவலகங்களுக்குப் போனது. அதை யார் வாசித்தார்கள், யார் வாசிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. அங்கே சண்டை நிற்கவில்லை, அதற்கு என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. முப்பத்தொன்றாம் கசெட்டுக்கு முடிந்திருக்கும்.

வைகாசியில் இரண்டாம் தொகுதி வந்தது. அந்தத் தாய் பிள்ளையோடு தானே வந்திருந்தார். மருத்துவமனையில் பார்த்துவிட்டு எல்லாரையும் பின்னேரம் ரூ பஜோலுக்குக் கூட்டிவந்தார்கள். இஸ்ரேலிய வைத்தியர் அறைக்கு வெளியே நடைக்கூடத்தில் மடத்தோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு நின்றார். என் மேசை கதவோரம். அவர் சொன்ன பிரெஞ்சு எனக்கு விளங்கியது. தையில் வந்திருந்தால் அந்தக் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம், இனி மற்றக் கண்ணையாவது பழுதாகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மடம் சுவரில் சாய்ந்துகொண்டு, "என் பிழை, என் பிழை" என்றார். கிழவர் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்த நிமிடம் நான் எழும்பிப் போயிருக்கவேண்டும். நாலு அடிதான் தூரம். எழும்பவில்லை, பொறியில் தாளை உருட்டிக்கொண்டிருந்தேன்.

பையன் என் மேசைக்கு வந்தான். ஒரு கண்ணில் வெள்ளைப் பஞ்சுக் கட்டு. மற்றக் கண்ணால் பொறியைப் பார்த்து, ஒரு விரலால் ஒரு எழுத்தை அமத்தினான். கம்பி எழும்பித் தாளில் அடித்ததும் சிரித்தான். ஒன்பது வயதுக்குச் சின்ன உடம்பு. ஆயுததாரி ஒருவருக்குக் கண்ணில் காயம் என்று நான் எழுதியது இவனைப் பற்றித்தான். இன்னொரு எழுத்தையும் அமத்து என்று கையைக் காட்டினேன்.

அவனைத் தேடித் தாயும் வந்தார். கறுப்பு மேலங்கி, கனத்த கை, கசெட்டில் கேட்ட அதே கரகரத்த குரல். மாணவனிடம் ஏதோ கேட்டார். அவன் என்னையும் கசெட்டுகளையும் காட்டிப் பதில் சொன்னான். நான் எழும்பி நின்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அரபியில் பேசினார். அழவில்லை, சிரித்த முகம்தான்.

மாணவன் ஆங்கிலத்தில் சொன்னான்: "எத்தனையோ பேர் வந்து கேட்டார்களாம். பாதியில் எழும்பிப் போனவர்கள்தான் கூடவாம். தான் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டது நீங்கள் ஒருவர்தானாம். அப்படித்தானே என்று கேட்கிறார்."

ஆங்கிலம் வரவில்லை, பிரெஞ்சு வரவில்லை. வாயில் வந்தது 'ஆமாம்' என்பதற்கான எங்கள் ஊர்ச் சொல்தான்.

"ஓம்" என்றேன்.

அவருக்கு அது விளங்கியது. என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.